பெரிய வீட்டின் கதவுகள்

நாமக்கல்லில் திருச்சி ரோட்டில், ஒரு காலத்தில் முட்டை அட்டைகளை அடுக்கி வைத்திருந்த குடோன் ஒன்று, தனக்குள் வேலை பார்க்கிறவர்கள் போடும் திட்டத்துக்கு ஏற்றபடி தன் சுவர்களை நகர்த்திக்கொள்ளவும் கதவுகளைத் திறந்து மூடிக்கொள்ளவும் ஆரம்பித்தது, ஒரு ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில். பூசணிக்காய் உடைத்த சிதறல் வாசலில் அப்படியே கிடந்தது. மிதித்தால் ஆகாது என்று நாங்கள் எல்லோரும் சேலையையும் பேன்ட்டையும் தூக்கிப் பிடித்துத் தாண்டி உள்ளே போனபோது, ஒரே நீளக் கூடமாக இருந்த எங்கள் ஆபீசின் கிழக்கு மூலையில் சுவர் எழும்பி, அதில் ஒரு கதவும் வைத்து, சின்னதாக ஒரு அறை உட்கார்ந்திருந்தது. சிமென்ட் வாசம்கூட இல்லை. பல வருஷம் பழகிய இடம் மாதிரி அதன் மேல் ஒரு பல்லி ஓடியது.

யாரும் கத்தவில்லை. டீ கொண்டுவரும் சரசக்கா மட்டும் ஒரு கையில் தூக்கைப் பிடித்தபடி இன்னொரு கையால் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சொல்லாமக் கொள்ளாமச் செவுரு வெச்சா நான் எப்படீங்க சுத்தி வாரது? டீ ஆறிப்போச்சுன்னா அப்பறம் என்னையக் கேக்கக் கூடாது" என்றார். எங்கள் முதலாளி பழனிமலை, லாரி ஓட்டி, லாரி வாங்கி, கடைசியில் சாப்ட்வேர் கம்பெனி வைத்தவர். அவர் அறையைச் சுற்றி வந்து, கதவைத் திறந்து மூடி, "குடோன் ஓனர் கிட்ட ஒண்ணும் சொல்லாதீங்கப்பா, ரூம் கூடிருச்சுன்னு வாடகைய ஏத்திருவான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நாங்கள் செய்வது லாரிக்காரர்களுக்கான சாப்ட்வேர். எங்கே லோடு கிடக்கிறது, எந்த வண்டி காலியாகத் திரும்புகிறது, எதை எதோடு சேர்க்கலாம், டயர் எப்போது மாற்றினார்கள், டிரைவர் எந்த ஊரில் தூங்குகிறார், எல்லாம் அதற்குத் தெரியும். பெயர் 'பாரம்'. அதை முதன்முதலில் எழுதியது இரண்டே பேர். ஒருவன் நந்தகோபால், இன்னொருத்தி கோகிலவாணியாகிய நான். திருச்செங்கோட்டில் ஒரே காலேஜில் ஒரே லேப் கம்ப்யூட்டருக்குச் சண்டை போட்டவர்கள் நாங்கள். முட்டை நாற்றம் போகாத இந்தக் குடோனில் ஊதுபத்தி கொளுத்தி வைத்துக்கொண்டு, ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து, அவன் ஒரு வரி நான் ஒரு வரியாக எழுதினோம். எழுத எழுத அது வளர்ந்து, எதைத் தொட்டாலும் வேறு எதுவோ ஆடுகிற அளவுக்குப் பெரிதாகிவிட்டது. அதற்கு ஆபீசில் பெரிய வீடு என்று பெயர். அதிலிருந்து ஒவ்வொரு வேலையாகப் பிரித்துத் தனியாக எழுத வேண்டும் என்று திட்டம் வந்தபோது, பிரித்தவற்றைச் சின்ன வீடு என்று பசங்கள் கூப்பிட்டுச் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். பெரிய வீட்டுக்காரி என்று என்னைக் கூப்பிட்டபோதும் சிரித்தேன்.

திட்டம் போட்டது நந்து. வெள்ளிக்கிழமைதோறும் எங்களை உட்கார வைத்து, வெள்ளைப் பலகையில் மூன்று படம் வரைவான். முதல் படம் இன்று இருப்பது, இரண்டாவது போகிற வழியில் இருக்கப்போவது, மூன்றாவது கடைசியில் இருக்க வேண்டியது. கட்டம் கட்டமாகப் போட்டு, எது எதோடு பேசும் என்று கோடு இழுப்பான். "ஓடற லாரிய ரோட்டோரம் நிறுத்தாம பாடி மாத்தோணும். லோடும் எறங்கக் கூடாது, டிரைவருக்கும் தெரியக் கூடாது. அதுக்குத்தான் இந்த நடுப் படம்" என்பான். டயர் கணக்கைப் பெரிய வீட்டிலிருந்து பிரிப்பது என்று முடிவான வாரத்தில்தான் அந்த முதல் அறை வந்தது. கட்டிடம் அவன் படத்தைப் படிக்கிறது என்று எங்களுக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை.

புரிந்ததும் பழகிவிட்டது. எந்த வேலை பிரிகிறதோ அந்த வேலைக்காரர்களுக்கு ஒரு அறை வரும், எது எதோடு பேச வேண்டுமோ அந்த அறைகளுக்கு நடுவே கதவு வரும், கோடு அழிந்தால் கதவும் அழியும். காலையில் வந்ததும் பாத்ரூம் எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் பை வைப்போம். வழித்தடம் பிரிவுக்கும் லோடு பிரிவுக்கும் பேச்சுவார்த்தை குறைந்தபோது நடுவில் ஒரு நீளமான இருட்டு நடை வந்தது. அந்த இரண்டு பிரிவிலும் இருந்த புதுமணத் தம்பதி மத்தியானம் அங்கே நின்று சாப்பிட்டார்கள், யாரும் கண்டுகொள்ளவில்லை. புதுக் கதவு வந்தால் அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்து, சூடம் கொளுத்தி, பூசணிக்காய் சுற்றி உடைப்பது என்று சரசக்கா வழக்கம் ஏற்படுத்தினார். அதற்காகவே மாடிப்படிக்குக் கீழே பூசணிக்காய்கள் எப்போதும் உருண்டு கிடந்தன. முதலாளிக்கு ஒரு சுவர் பிடிக்கவில்லை, கொத்தனாரைக் கூட்டி வந்து இடித்தார். மத்தியானம் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் சுவர் நின்றுகொண்டிருந்தது. கொத்தனார் கூலியை வாங்கிக்கொண்டு, "திட்டத்த மாத்துங்க சாமி, செவுரு தானா எறங்கிரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதிலிருந்து அது ஆபீசில் எல்லோரும் எல்லாவற்றுக்கும் சொல்லும் பேச்சாகிவிட்டது.

கொஞ்ச நாளில் இன்னொன்றும் தெரிந்தது. கட்டிடம் படித்தது பலகையை இல்லை. ஆட்கள் கேட்கிறார்களே என்று முதலாளி மூன்றாவது படத்தில் கேன்டீன் ஒன்று வரையச் சொன்னார், அழகாக ஜன்னல் எல்லாம் வைத்து நந்து வரைந்தான், ஒரு செங்கல்கூட அசையவில்லை. அதே சமயம், சாப்ட்வேரைச் சோதித்துப் பார்க்கும் பிரதீபாவின் நாற்காலிக்குப் பின்னால், யாரும் வரையாத இடத்தில், வெளியே ரோட்டுக்குத் திறக்கும் குறுகலான ஒரு கதவு வந்தது. அவள் துப்பட்டாவைத் தொங்கவிட்டு அதை மறைத்துப் பார்த்தாள். அடுத்த வாரம் பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டது என்று ராஜினாமாக் கடிதம் கொடுத்தாள். ஆக, உதட்டில் இருப்பதும் பலகையில் இருப்பதும் சுவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை, மனசுக்குள் முடிவானதுதான் கணக்கு. அதற்குப் பிறகு மனிதவளத்தைப் பார்க்கும் சுபத்ரா மேடம் தினமும் காலையில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நாற்காலிகளுக்குப் பின்னால் நடந்து வருவார். யார் முதுகுக்குப் பின்னால் கதவு முளைக்கிறதோ அவருக்கு வழியனுப்பு விருந்துக்கு அன்றைக்கே சொல்லிவிடுவார்கள். என் நாற்காலிக்குப் பின்னால் அவர் நின்றதே இல்லை. "உங்களைப் பாக்கணுமாங்க கோகிலா, நீங்க போனா இந்தக் குடோனே பின்னால வந்துரும்" என்பார்.

பெரிய வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கட்டிடத்தின் நடுவில், ரோட்டுப் பக்கச் சுவரை ஒட்டிப் பெரிய அறை. எல்லாச் சின்ன வீடுகளிலிருந்தும் என் அறைக்குக் கதவு இருந்தது, ஏனென்றால் எதைப் பிரித்தாலும் மிச்சத்துக்கு அவர்கள் பெரிய வீட்டிடம்தான் வர வேண்டும். நந்து வந்து என் மேஜை விளிம்பில் உட்கார்ந்து, காலேஜில் உட்கார்ந்த மாதிரியே காலை ஆட்டிக்கொண்டு, "கோகிலா, உனக்குத் தெரிஞ்சது எல்லாத்தையும் பசங்களுக்குச் சொல்லிக் குடுத்துரு. ஒவ்வொண்ணா அவங்க எடுத்துக்கட்டும். நீ இந்த அரதப்பழசக் கட்டி மாரடிச்சது போதும். கடைசிப் படத்துல நீதான் நடுவுல. எல்லாருக்கும் மேல நின்னு பாத்துக்க" என்றான். பலகையில் மூன்றாவது படத்தின் நடுவில் ஒரு கட்டம் போட்டு அதில் என் பெயரை எழுதினான். குடோனுக்கு முன்னால் நிற்கும் பனையைச் சுவரின் காற்று ஓட்டை வழியாகக் காட்டினான். பறவை போட்ட விதையிலிருந்து ஆல் ஒன்று அதன் மேல் முளைத்து, விழுதைக் கீழே விட்டுப் பனையைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தது. "புதுசு பழசச் சுத்தித்தான் வளரும். பழசு உள்ள பத்திரமா இருக்கும்" என்றான். எனக்கு அது அழகாக இருந்தது.

நான் சொல்லிக் கொடுத்தேன். ஒளிக்காமல் சொல்லிக் கொடுத்தேன். முட்டை வண்டியை ஏன் வெயில் நேரத்தில் மலை ஏற விடக்கூடாது, ஆடிப்பெருக்கு சமயத்தில் டிரைவர்கள் லீவு கேட்பார்கள் என்று எந்த வரியில் எழுதியிருக்கிறோம், பார்க்கிறதுக்குத் தப்பாகத் தெரியும் ஒரு கணக்கு எந்தச் சண்டையில் அப்படி ஆனது, எல்லாம். ஒரு கூட்டம் என்னிடம் கற்றுக்கொண்டு எழுந்து போனால், மறுநாள் அவர்கள் அறையிலிருந்து என் அறைக்கு இருந்த கதவு போயிருக்கும். சுவர் மழுமழுவென்று இருக்கும். கை வைத்துத் தடவிப் பார்ப்பேன். பலகையைப் போய்ப் பார்ப்பேன், அங்கே என் கட்டமும் அதைச் சுற்றிக் கோடுகளும் பத்திரமாக இருக்கும். "இது நடுப் படம்தானே, கடைசில எல்லாக் கதவும் திரும்ப வரும்" என்பான் நந்து. நான் நம்பினேன். நம்பாமல் என்ன செய்ய? கட்டிடம் மனசைப் படிக்கிறது என்று ஊருக்கே தெரியும், எனக்கும் தெரியும். முதலாளி மனசைப் படித்திருக்கும், கம்பெனியில் பணம் போடப் பெங்களூரிலிருந்து வந்து போகும் பணக்காரர்கள் மனசைப் படித்திருக்கும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். நந்து மனசு அதில் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, அவனை எனக்குத் தெரியும் என்று அவ்வளவு திமிர்.

கடைசியில் ஒரே ஒரு கதவு மிச்சம் இருந்தது, நந்துவின் கேபினுக்கும் என் அறைக்கும் நடுவில் இருந்த கதவு. தினமும் காலையில் டிபன் டப்பாவோடு அவன் மேஜையைத் தாண்டித்தான் நான் என் இடத்துக்குப் போக வேண்டும். அவனைப் பார்க்க யாராவது வந்து உட்கார்ந்திருந்தால் நான் வெளியே நிற்பேன். பாத்ரூம் போக வேண்டும் என்றால் அவன் போன் பேசி முடிக்கும்வரை பொறுத்திருப்பேன். வெளிப்புறச் சுவரில், முட்டைக்குக் காற்றுப் போக அந்தக் காலத்தில் விட்ட ஜாலி ஓட்டைகள் இருந்தன. சரசக்கா கட்டிடத்தைச் சுற்றி வந்து அது வழியாக டீ டம்ளரை நீட்டுவார். "கருங்கோழி அடைகாக்கற மாதிரி உள்ளயே உக்காந்துட்டீங்களே அம்மிணி" என்று சிரிப்பார். எல்லோருக்கும் பழகிவிட்டது. நான் அந்தப் பக்கம் இருக்கிறேன் என்பது தெரியாமலே சுவரில் காலண்டர் மாட்ட ஆணி அடித்தார்கள்.

ஒரு நாள் மதியம் சாப்பிட்டு முடித்திருந்தேன். நந்து உள்ளே வந்து, பெரிய வீட்டில் மிச்சம் இருந்த கடைசி வேலையை, எந்த லோடை எந்த வண்டியோடு சேர்ப்பது என்கிற அந்த வேலையை, வரும் வாரத்தில் பிரித்துக் கொடுத்துவிடச் சொன்னான். அதுதான் நாங்கள் இரண்டு பேரும் முதன்முதலில் எழுதியது.

"அதையும் குடுத்துட்டா பெரிய வீட்ட என்ன பண்ணுவ?" என்று கேட்டேன்.

"அணைச்சிர வேண்டியதுதான்."

"நானு?"

"நீ கடைசிப் படத்துல இருக்கியே கோகிலா."

"நந்து, என்னையப் பாத்துச் சொல்லு. இது யார் போட்ட முடிவு?"

"சத்தியமா நானில்ல. மேல இருந்து சொல்றாங்க. மொதலாளி, அந்த பெங்களூர்க்காரங்க... நான் உனக்காக எவ்வளவு சண்ட போட்டேன் தெரியுமா?" என்றான்.

அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவன் முதுகுக்குப் பின்னால் கதவு நிலையோடு மெல்லச் சுவருக்குள் போனது. சத்தமே இல்லை. கைப்பிடி மட்டும் கொஞ்ச நேரம் சுவரில் பித்தளைப் பொட்டாக மின்னியது, பிறகு அதுவும் இல்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் முகத்தைப் பார்த்து அவன் திரும்பினான்.

 அவன் வேலையை விட்டுப் போ என்று சொல்லியிருந்தால் கத்தியிருப்பேன், சண்டை போட்டிருப்பேன், அப்புறம் இரண்டு பேரும் டீ குடித்திருப்போம். கூடவே உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே ஒவ்வொரு கதவாக மூடியிருக்கிறான். பலகையில் என் பெயரைத் தன் கையால் எழுதிக்கொண்டே மூடியிருக்கிறான்.

நந்து சுவரைத் தட்டினான், தோளால் இடித்தான், பிறகு முதலாளிக்குப் போன் போட்டான். முதலாளி அந்தப் பக்கம் சாப்பாட்டை மென்றபடி, "ஏந்தம்பி, உங்களுக்குத் தெரியாததா? திட்டத்த மாத்துங்க, செவுரு தானா எறங்கும். அந்தப் புள்ளய அனுப்பிரோணும்னு நான் எப்பச் சொன்னேன்? நீங்கதானே புதுசுக்கு அது வேண்டாம்னீங்க" என்றது ஸ்பீக்கர் போடாமலே எனக்குக் கேட்டது.

அவன் போனை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தான்.

"ஏன்டா?" என்றேன்.

சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான். பிறகு, "எந்தச் சந்தேகம் வந்தாலும் கோகிலாவக் கேளு, கோகிலாவக் கேளுங்கறாங்க. நான் பக்கத்துல நிக்கறப்பவே உன்னையக் கேக்கறாங்க. அதுல எது நான் எழுதுனதுன்னு எனக்கே மறந்து போச்சு. புதுசாவது முழுசா என்னோடதா இருக்கட்டும்னு நெனச்சேன்" என்றான்.

"இத அப்பவே சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா நீ சொல்லிக் குடுத்திருப்பியா?"

 வெளியே செய்தி பரவியிருந்தது. ஜாலி ஓட்டைகளில் முகங்கள் வந்து வந்து போயின. சரசக்கா இரண்டு டம்ளர் டீயை நீட்டி, "ஆறுறதுக்குள்ள குடிச்சுப்போட்டு திட்டத்த மாத்துங்க சாமி" என்றார். சுபத்ரா மேடம் ஒரு பக்கெட் தண்ணீர் உள்ளே தர முடியுமா என்று யோசனை கேட்டார்.

நந்து எழுந்து, என் அறையில் இருந்த பலகையைத் துடைத்துவிட்டு மார்க்கரை எடுத்தான். நடுவில் பெரிய கட்டம் போட்டான், என் பெயரை எழுதினான், எல்லாப் பக்கமும் கதவு வைத்தான். சுவரைப் பார்த்தான். "கோகிலா இங்கயே இருக்கட்டும்" என்று சத்தமாகச் சொன்னான், யாரோ தூரத்தில் இருக்கிறவருக்குச் சொல்கிற மாதிரி. சுவர் அப்படியே இருந்தது. கண்ணை மூடினான். உதட்டைக் கடித்துக்கொண்டு, நெற்றி நரம்பு புடைக்க, நான் இருக்க வேண்டும் என்று நினைத்துப் பார்த்தான். காலேஜ் லேப்பை நினைத்திருப்பான், ஊதுபத்தி வாசத்தை நினைத்திருப்பான், அவன் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவன் வரிகளையும் சேர்த்து நான் எழுதியதை நினைத்திருப்பான். வேர்த்துக் கொட்டியது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. நான் நாற்காலியில் உட்கார்ந்து அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்போதும் நான் சுவரைத்தான் பார்த்தேன், ஒரு விரிசலாவது வராதா என்று. மத்தியான வெயில் ஜாலி வழியாக விழுந்து, மேஜைமேல் ஏறி, சுவர்மேல் ஏறியது. ஒரு மனிதன் என்னை வேண்டும் என்று நினைக்க அவ்வளவு பாடுபட்டு, அவனால் முடியவில்லை.

"முடியல கோகிலா" என்றான். அவன் என்னிடம் பொய் கலக்காமல் சொல்லி ரொம்ப நாள் ஆகியிருந்தது.

நான் டிபன் டப்பாவை எடுத்துப் பைக்குள் வைத்தேன். தண்ணீர் பாட்டிலை வைத்தேன். மேஜை டிராயரிலிருந்த சீப்பு, சேப்டி பின் டப்பி, மழைக்கு வைத்திருந்த குடை. பெரிய வீடு ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரில் ஏதோ ஒரு காலி வண்டிக்கு எங்கேயோ ஒரு லோடு அமைந்து, பச்சை வெளிச்சம் ஒன்று எரிந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. இந்த இடம் இனி எனக்கு வேண்டாம் என்று நினைத்தேன். அவ்வளவு சுலபமாக நினைக்க முடியும் என்று எனக்குத் தெரியாது.

முதுகில் காற்றுப் பட்டது. திரும்பினால், என் நாற்காலிக்குப் பின்னால் ஒரு ஆள் பக்கவாட்டில் போகிற அளவுக்குக் குறுகலாக ஒரு கதவு, திறந்தே இருந்தது. அதற்கு அப்பால் வெயில், ரோடு, ஒரு பதினாறு சக்கர வண்டி ஹாரன் அடித்துப் போகிற சத்தம்.

நந்து என்னைப் பார்த்தான், கதவைப் பார்த்தான். நெஞ்சில் கை வைத்து, "அப்பாடா" என்றான். பிறகு எனக்கு முன்னால், பக்கவாட்டில் உடம்பைத் திருப்பி, அவன் வெளியே போனான்.

வெளியே கைதட்டினார்கள். யாரோ அவனுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள், யாரோ விசிறினார்கள். சரசக்கா அதற்குள் மாடிப்படிக் கீழிருந்து பூசணிக்காயை எடுத்து வந்துவிட்டார். புதுக் கதவு ஆயிற்றே, வழக்கத்தை விட முடியுமா? மஞ்சளும் குங்குமமும் அப்பி, மேலே சூடம் ஏற்றி, நிலைக்கு மூன்று தரம் சுற்றி, நான் உள்ளேயே நின்றுகொண்டிருக்கும்போது, வாசலில் போட்டு உடைத்தார். "பாத்துங் அம்மிணி, மிதிச்சறாதீங்க" என்றார்.

நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சிவந்து கிடந்த துண்டுகளை மிதித்துக்கொண்டே வெளியே வந்தேன்.